சிறந்த பொறியியலாளரும் எங்கள் ஒழுங்கை வாய்க்காலும்

இன்று காலை மழை விட்டதும் எங்கள் பொறியியலாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் நீர்வேலியில் என் வீட்டுக்கு வந்தார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டியிருந்தார். சப்பாத்துகள் கையில் இருந்தன.

மழை பெய்தால் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கைத் தெருவுக்குள் எவரும் அப்படித்தான் வரவேண்டும்.

கால் கழுவத் தண்ணீர் கொடுத்தேன். கழுவிக்கொண்டே வந்த விசயத்தைச் சொன்னார்.

"இந்த முறை சிறந்த பொறியியலாளர் விருதுக்கு என்னை நீர்தான் முன்மொழிய வேணும், தங்கச்சி. தன்ரை பேரைத் தானே குடுக்கக் கூடாதாம். என்ரை திறமையெல்லாம் நானே எழுதிக்கொண்டு வந்திட்டன். நீர் கையெழுத்து வைச்சால் காணும். அடுத்த வருசம் உம்மடை பேரை நான் குடுக்கிறன்."

"எந்த வேலைக்கு அண்ணை விருது?"

"உங்கடை ஒழுங்கை வாய்க்காலுக்குத்தான்."

அவர் கட்டிய அந்த வாய்க்காலின் விளிம்பு ஒழுங்கையை விட ஒரு சாண் உயரம். வெள்ளம் ஒழுங்கையில் நிற்கும். வாய்க்கால் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெள்ளத்துக்குள்ளால்தான் மனிதர் நடந்து வந்திருக்கிறார்.

"வாய்க்காலுக்குள்ளை தண்ணியே போகேல்லையே, அண்ணை?"

அவர் முகம் மலர்ந்தது.

"அதுதானே சிறப்பு, தங்கச்சி. எந்த மாரிக்கும் அது ஒருக்காலும் நிரம்பி வழியேல்லை. அதையும் எழுதியிருக்கிறன்."

நான் கையெழுத்து வைக்கவில்லை. சங்கத்து நண்பர்களில் யாருக்காவது விருப்பமிருந்தால் இந்தப் பதிவின் கீழே சொல்லுங்கள், தாள் என் வீட்டில்தான் இருக்கிறது. வரும்போது வாய்க்காலுக்குள்ளால் நடந்து வாருங்கள். கால் நனையாது.