ரோசி அக்காவின் தோட்டமும் தெருவின் கண்ணீரும்

ரோசி அக்கா இறந்த செய்தியை ஒரு ஃப்ளெக்ஸ் பேனர்தான் எனக்குச் சொன்னது. பள்ளி விட்டு வரும்போது, திருவொற்றியூரில் எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் இரண்டு பேர் அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அக்காவின் முகம். முகத்தைச் சுற்றிலும் கேரட், குடைமிளகாய், ப்ரோக்கோலி. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலம் விட்டுவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் கத்திரியும் வெண்டையும் பீர்க்கும் பறித்தவருக்கு ப்ரோக்கோலி! பேனருக்குப் பணம் போட்ட தெருச் சங்கத்தார் ஒருவருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தை அவர்கள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காலையில் ஏலம் நடக்கும்போதே நெஞ்சு வலித்து விழுந்திருக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் பின்சுவர் ஒன்று. தோட்டம் என்பது கழிவறைக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் கிடந்த நீளமான மணல் துண்டுதான். கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இலைகளில் கறுப்பாகப் படியும். அக்கா குழந்தைக்கு முகம் கழுவிவிடுவதுபோல இலை இலையாகக் கழுவுவார். மீன் குடலை வேர்ப்பக்கம் புதைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் பறிப்பார். நான் புத்தகத்தோடு சுவரைத் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் அங்கே ஒரு பக்கம்கூடப் படித்ததாக நினைவில்லை.

வெண்டைக்காயின் நுனியை ஒடிக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் வருமே, அதற்காகவே அவர் வாரம் முழுவதும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். "பட்டுனு ஒட்ஞ்சா கொமரி, வளைஞ்சுகினு போனா கெயவி" என்பார். கத்திரிக்காயைக் காம்போடு திருகும்போது முள் குத்தும், திட்டிக்கொண்டே சிரிப்பார். வெயிலில் சூடேறிய காயைக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். ஒருமுறை சொன்னார்: "ஏலத்துல நான் புகழாத மீனே கெடையாதுடி. அல்லாம் பொய்யி. இந்தக் கத்திரிக்காய நான் புகழவே வாணாம் பாரு."

கேட்டவர்களுக்கு அவர் காய் கொடுத்ததில்லை. பறித்துக்கொள்பவர்களைத் தடுத்ததும் இல்லை. அது அவருடைய சட்டம். சங்கச் செயலாளர் மீன் நாற்றமென்று மாநகராட்சியில் புகார் கொடுத்தார். அதே வாரம் அவர் மனைவி வாசலில் பையோடு நின்றார்.

"ரோசி, நாலு கத்திரிக்கா குடேன். கொழம்புக்கு."

"கைய வாடகைக்கு வுட்டுகீறியா? உள்ள வந்து பறிச்சிக்க."

"அய்ய, உள்ள ஒரே கலீஜா கீது."

"அப்ப மார்க்கெட்டுக்குப் போ. செத்த காயி நெறைய கெடைக்கும்."

அந்த அம்மாள் போன பிறகு அக்கா என்னிடம், "இதுக்குக் காயும் வாணாம், தோட்டமும் வாணாம். ஓசிதான் வேணும்" என்றார்.

அவர் உடல் முன்னறையில் கிடந்த அன்றுதான் எங்கள் தெருவுக்குத் தோட்டத்தின் வழி தெரிந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைச் சாக்கிட்டுப் பிஞ்சு, பூ எல்லாவற்றையும் உருவினார்கள். கலீஜ் அன்று ஒருவர் காலிலும் ஒட்டவில்லை. விதைக்காக முற்றவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்த பீர்க்கங்காய் ஒன்று இருந்தது. துணியைத் திருஷ்டிக்குக் கட்டியது என்று நினைத்து அவிழ்த்து எறிந்துவிட்டுக் காயை அறுத்துக்கொண்டு போனார்கள். நாரில் கத்தி இறங்கவில்லை. "அடச்சே, துடைப்பம் மாதிரி கீது" என்று குப்பையில் போட்டார்கள். பிறகு முன்னறைக்குப் போய், "தெருவுக்கே சோறு போட்ட கை" என்று மார்பில் அடித்துக்கொண்டார்கள்.

வீடு இப்போது அக்காவின் தங்கை மகன் அருளுடையது. தோட்டத்துக்குச் சிமெண்ட் போட்டால் பைக்குகள் நிறுத்தலாம் என்று செயலாளர் அவருக்கு யோசனை சொன்னார். 'ரோசி நினைவு வாகன நிறுத்தம்' என்று பெயரும் வைத்துவிட்டார். சிமெண்டுக்கு அடியில் ஒருவரை நினைவுகூர்வது எப்படி என்பது அவருக்குத்தான் தெரியும்.

அன்றைய கொள்ளையில் தப்பியது அவரைக் கொடி ஒன்றுதான். அது சுவரின் எங்கள் பக்கம் சாய்ந்து, வெறும் பூவாக நின்றது. முப்பதாம் நாள் திருப்பலி முடியும்வரை அதை விட்டுவைக்கும்படி அருள் அண்ணனிடம் கேட்டேன். "காய்க்கிதா பாரு. காய்ச்சா பறிச்சிக்க. அடுத்த நாள் ஜல்லி எறங்கிடும்" என்றார். அரிசி கழுவிய நீரை ஊற்றினேன். இலைகளைக் கழுவினேன். பிஞ்சு விட்டதும் தினமும் போய் விரலால் தடவிப் பார்த்தேன். ஜல்லி முந்துமா, காய் முந்துமா என்பதைத் தவிர வேறு எதுவும் மனதில் இல்லை. தேர்வுகூட.

காய்தான் முந்தியது. முப்பதாம் நாள் கோயிலிலிருந்து வந்து நானும் அம்மாவும் பறித்தோம். கொத்துக் கொத்தாக, நுனியில் ஊதா ஓடிய பட்டை அவரை. கையில் அதன் பச்சை வாசனை ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. துக்க நாளாயிற்றே என்று அம்மா அதட்டினார். அதற்குள் செயலாளர் மனைவியும் இன்னும் இரண்டு பேரும் பைகளோடு வாசலில் நின்றார்கள்.

"இன்னாம்மா, எங்களுக்கு இல்லியா? ரோசி இருந்தா குட்த்திருக்கும்."

"குட்த்திருக்காது ஆன்ட்டி. அதுக்கு உங்கள நல்லாத் தெரியும்."

ஒரு காய்கூடக் கொடுக்கவில்லை. அன்று பொரியல், மறுநாள் கூட்டு, அதற்கடுத்த நாள் குழம்பு. எல்லாவற்றையும் நாங்களே தின்று தீர்த்தோம். இந்த நினைவஞ்சலியில் 'வாரி வாரி வழங்கினார்' என்று என்னை எழுதச் சொல்லியிருந்தார் செயலாளர். அக்கா வழங்கவில்லை. பறிப்பதில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதை அவர் அனுபவித்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். அதில் யாருக்கும் பங்கு இல்லை.