பூட்டிவைத்த கடைசிப் பக்கங்கள்

மே மாதம் வந்தால் எங்கள் பக்கத்துப் பஸ் ஸ்டாண்டுகளில் இரண்டு பொருள்கள் குவிந்துவிடும். ஒன்று நுங்கு, இன்னொன்று கோடை ஸ்பெஷல் நாவல். நுங்கில் கொஞ்சம் சத்து உண்டு.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். சிறுகதைகளும் எழுதுகிறேன். அவற்றைப் படித்தவர்கள் அத்தனை பேரையும் எனக்கு நேரில் தெரியும். அதனால் வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். இந்த நாவல்களைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் வெறுக்கிறேன். காதல் நாவல் என்றால் கதாநாயகனுக்குக் கோயம்புத்தூரில் மில் இருக்கும், மூக்குக்கு மேல் கோபம் இருக்கும். கதாநாயகி பரம ஏழை, ஆனால் அவள் புடவை ஒருநாளும் கசங்காது. முதல் அத்தியாயத்தில் அவளை அறைவான், கடைசி அத்தியாயத்தில் தாலி கட்டுவான், நடுவில் மழை பெய்யும். மர்ம நாவல் என்றால் மழைக்குப் பதில் கரண்ட் போகும். கரண்ட் திரும்பி வரும்போது பணக்காரச் சித்தப்பா ஒருவர் செத்துக் கிடப்பார். வெயில் காலத்தில் மூளைக்கு வேலை வைக்காத புத்தகம் என்று அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அந்த ஒரு வாக்கை மட்டும் அவர்கள் மீறியதே இல்லை.

என் அக்காவுக்கு இதுதான் உயிர். அவள் நாமகிரிப்பேட்டையில் இருக்கிறாள். மாமாவுக்கு அங்கே மஞ்சள் மண்டி. மண்டிக்கு வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டுவிட்டு மதியம் ஃபேனுக்கு அடியில் பாயை விரித்தால் அவள் கையில் ஒரு நாவல் இருந்தாக வேண்டும். அம்மா இறந்தபோது நான் சின்னப் பெண். அக்கா பத்தாவதோடு நின்று சவ்வரிசி மில்லுக்கு வேலைக்குப் போனாள், என்னைப் படிக்க வைத்தாள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் நான் அவள் படிப்பதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். அவள் அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை.

ஒருமுறை நல்ல இலக்கியம் என்று ஒரு நாவலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“இதுல ஒருத்தன் மூணு பக்கமா டீ குடிக்கறான் சாமி. டீ ஆறியே போயிருக்கும்.”

“அவன் மனசுக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுல இருக்குதுக்கா.”

“என்ன நடக்குது?”

நான் புத்தகத்தை வாங்கிப் பக்கங்களைப் புரட்டினேன். “உன்ற கதையும் அப்பிடித்தான்” என்றாள். “கடைசில யாராச்சும் செத்துப்போறாங்க. இல்லாட்டி சன்னலு வழியா வெளிய பாத்துக்கிட்டு நிக்கறாங்க.”

இந்த வருடம் அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாற்ற வேண்டும், ஆபத்து இருக்கிறது, உத்தரவாதம் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் நேராகவே சொன்னார். மாமா கார் நிறுத்தும் இடத்துக்குப் போய் அழுதார். அக்கா அழவில்லை. ஆபரேஷன் தேதி வரும்வரை படி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, அடுப்படியில் நிற்கக்கூடாது என்றதும் அவள் என் பக்கம் திரும்பினாள். “அப்ப புஸ்தகம் நெறைய வேணுமே கண்ணு” என்றாள்.

ஆக, இந்தக் குப்பையை வாங்கிச் சுமக்கும் வேலை எனக்கு வந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் அட்டைப்படத்தை உள்பக்கமாகத் திருப்பி, பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் செருகிக் கொண்டுபோவேன். மாணவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என் மானம் கப்பலேறிவிடும்.

அப்படி வாங்கிக் கொடுத்ததில் ஒன்று கொல்லிமலை எஸ்டேட் கதை. வழக்கம்போல் கரண்ட் போய், வழக்கம்போல் சித்தப்பா பூட்டிய கொட்டகைக்குள் செத்துக் கிடந்தார். எஸ்டேட் மேனேஜர், குடும்ப டாக்டர், கதாநாயகியைத் தாய்போல் வளர்த்த அவளுடைய அக்கா ஆகிய மூன்று பேர்மேல் சந்தேகம். பிணத்துக்குப் பக்கத்தில் அந்த அக்காவின் நீலக் கண்ணாடி வளையல் உடைந்து கிடந்தது. ‘கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்’ என்று இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். அந்தப் பக்கத்தைப் புரட்டினால், யாரோ ஒரு மில் முதலாளி யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தான். வெளியே மழை வேறு.

அக்கா போன் செய்தாள். “ஏஞ் சாமி, இன்ஸ்பெக்டரு திரும்புனாரு. திரும்புனா கல்யாணம் நடக்குது.”

“வேற கதையோட பக்கம் வந்திருச்சுக்கா. தூக்கிப் போடு.”

“அதையும் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாக் கொன்னது யாருன்னு தெரியிலயே.”

யாராக இருந்தால் என்ன என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“நான் ஆஸ்பத்திரிக்குள்ள போறதுக்குள்ள எனக்குத் தெரியோணும். வெளிய வராமப் போயிட்டா?”

அதுவரை அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

“அந்த அக்காளா மட்டும் இருக்கக்கூடாது சாமி” என்றாள். “பெத்தவளாட்ட வளத்தவ. அவ போயி இப்பிடிப் பண்ணுவாளா?”

மறுநாளே பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் போனேன். அங்கே மிச்சமிருந்த பிரதிகள் எல்லாவற்றிலும் அதே கல்யாணம். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “கட்டுக் கட்டா வித்திருக்குதுங்க. ஒருத்தருங்கூட வந்து கேக்கலீங்களே” என்றார். கொலை நடக்கிறது, விசாரணை நடக்கிறது, நடுவில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கல்யாணம் ஆகிறது, தமிழ்நாட்டில் ஒரு வாசகருக்கும் சந்தேகம் வரவில்லை. இவர்களை நம்பித்தான் நான் சிறுகதை எழுதுகிறேன்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு டயர்க் கடைக்குப் பின்னால் அந்த அச்சகம் இருந்தது. முதலாளி என்னை உட்காரவைத்து, தவறு நடந்த விதத்தை ஏதோ சாதனையைச் சொல்வதுபோல் விளக்கினார். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். மர்ம நாவலின் கடைசிப் பாரத்தை மட்டும் அவர் மற்றவற்றோடு வைப்பதில்லை. தனியாக அச்சடித்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். பைண்டிங் நாளன்றுதான் வெளியே வரும்.

“இல்லைன்னா பைண்டிங் பொம்பளைங்க படிச்சுடறாங்க மேடம். கொலைகாரன் யாருன்னு சாயங்காலமே டவுன் பஸ் பூரா பரவிடுது. அப்புறம் புஸ்தகத்தை யார் வாங்குவாங்க?”

இந்த முறை பைண்டிங் நாளில் முதலாளி மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். பீரோச் சாவி அவர் இடுப்பில். பார்சல் மாலை பஸ்ஸில் ஏறியாக வேண்டும். பக்க எண் சரியாக இருந்ததால், பக்கத்தில் கிடந்த காதல் நாவலின் கடைசிப் பாரத்தை எடுத்துச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

“சரி, பூட்டி வைத்தது எங்கே?”

“இனி எதுக்குன்னு பழைய பேப்பருக்குப் போட்டுட்டோம்.”

“கம்ப்யூட்டரில் இருக்குமே?”

“டைப் பண்ண பொண்ணு கல்யாணமாகிப் போயிடுச்சு. அடுத்த கதைக்கு இடம் வேணும்னு பழசெல்லாம் அழிச்சாச்சு.”

“யார் கொன்றது என்றாவது தெரியுமா?”

“நான் இதெல்லாம் படிக்கறதில்லைங்க” என்றார், கொஞ்சம் கௌரவமாக. எழுத்தாளரின் போன் நம்பரை மட்டும் கொடுத்தார்.

எழுத்தாளர் முதல் ரிங்கிலேயே எடுத்தார். கொல்லிமலைக் கதை என்றேன். “எந்தக் கொல்லிமலைக் கதைங்க?” என்று கேட்டார். மலையில் அவர் நிறையப் பேரைக் கொன்றிருப்பார்போலிருக்கிறது. மேனேஜர், டாக்டர், அக்கா, நீல வளையல் என்று என் வாயாலேயே முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. எம்.ஏ., பிஹெச்.டி. படித்த வாய்.

“அக்காகாரி இருக்காளா? நல்லவளா?”

“ரொம்ப நல்லவள்.”

“அப்ப அவதாங்க.”

“உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, சும்மா சொல்கிறீர்களா?”

“ஞாபகம் எதுக்குங்க? ரொம்ப நல்லவளா ஒருத்தி வந்தா அவளை நான் சும்மா விடமாட்டேன். வாசகருக்கு அதிர்ச்சி கொடுக்கணும்ல?”

“அவள் ஏன் கொன்றாள்?”

“அதைக் கடைசி ரெண்டு பக்கத்துல அவளே சொல்லிடுவாளுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்.

ஆபரேஷன் அன்று காலை அக்காவுக்குப் பச்சை உடுப்பு மாட்டி, வளையலையெல்லாம் கழற்றி மாமா கையில் கொடுத்துவிட்டார்கள். வெறுங்கையோடு அவளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஒரு நர்ஸ் அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். நான் கூடவே நடந்தேன்.

“கேட்டயா கண்ணு?”

“கேட்டேன்கா.”

“யாரு?”

கதையின் முடிவில் பொய் சொல்லக்கூடாது, வாசகனைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எழுதக்கூடாது என்றெல்லாம் வகுப்பில் வருடக்கணக்காகப் பேசியிருக்கிறேன். அத்தனையும் அந்த வராந்தாவில் காற்றோடு போயிற்று.

“அக்கா இல்லை. மேனேஜர்தான்.”

அவள் முகம் தெளிந்தது. ஆனால் விடுகிற வாசகியா அவள்? “அப்ப அந்த வளையலு?”

“பழியை அவள்மேல் போடறதுக்காக அவன் திருடி உடைச்சுப் போட்டது.”

“கொட்டாய்க்குச் சாவி?”

“சோப்பில் அச்செடுத்துக் கள்ளச்சாவி செஞ்சு வெச்சிருந்தான்.”

கேவலமாக இருந்தது. எழுதினால் நானே கிழித்துப் போடுவேன். ஆனால் நர்ஸ் அம்மாவின் நடை தளர்ந்து, வண்டி கிட்டத்தட்ட நின்றுவிட்டது. “மேனேஜர் எப்படிங்க மாட்டுனான்?” என்று அவர் கேட்டார்.

“கையில் சோப்பு வாசம் அடித்தது” என்றேன். இருவருக்கும் பரம திருப்தி. “நானும் அப்பவே நெனச்சேனுங்க” என்றார் நர்ஸ் அம்மா. அக்கா என் கையை ஒருமுறை அழுத்தினாள். கதவு மூடியது.

மாமா சாமி பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்த மேனேஜரை நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வராமல் போனால், அவளிடம் நான் கடைசியாகப் பேசியது சோப்பு வாசத்தைப் பற்றி என்று ஆகிவிடும். மதியத்துக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது என்றார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

ஆனி பிறந்த பிறகு நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்தேன். அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் வளையல்கள் திரும்பி ஏறியிருந்தன. மாமா மண்டிக்குக் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தவள்போல் பேச ஆரம்பித்தாள்.

“அக்காதான கொன்னா?”

“யார் சொன்னது?”

“யாரு சொல்லோணும்? எத்தன வருசமா அவரு கதையப் படிக்கறேன். ரொம்ப நல்லவளா எவ வாராளோ அவதான் கொன்னிருப்பா. மொத அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சுமா என்னை அந்த அலைச்சல் அலைய விட்டே?”

தழும்பின் மேல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“உள்ள போறப்ப, அக்கா இல்லைன்னு நீ சொல்லிக் கேக்கோணும்னு இருந்துச்சு சாமி” என்றாள். “பொய்யாத்தான் இருக்கட்டுமே.”

நான் எழுந்துபோய்ச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“பாத்தயா, சன்னலுக்குப் போயிட்டா” என்று பின்னாலிருந்து சிரித்தாள். “புதுசு கொண்டாந்தயா இல்லையா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கரண்ட் போகிறது, சித்தப்பா சாகிறார், படு குப்பை. கடைசிப் பக்கம்வரை பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கி வந்தேன். இதில் கொன்றது ஒரு வக்கீல்.