மெஷின் நிற்கும் ஐந்து நிமிடம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் ஜெர்மனியில் எசன் நகரத்தில் எங்கள் தெருமுனையில் காசு போட்டு விளையாடுகிற மெஷின் கடையைப் பல வருடம் கூட்டித் துடைத்தவள் நான். திருத்த வந்தவன் திறந்து காட்டியும் இருக்கிறான். அந்த மெஷின்களைப் பற்றி எனக்கு ஒருவரும் கதை சொல்லத் தேவையில்லை.

பழங்கள் சுற்றுவது வெறும் படம். பொத்தானை அமத்தின உடனேயே உள்ளுக்குள் முடிவு விழுந்துவிடும். போன தடவை தோற்றது அதற்கு நினைவிராது. இவ்வளவு தின்றுவிட்டது, இனித் தரும் என்பது ஆடுகிறவரின் ஆசை. மூன்றாவது பழம் மயிரிழையில் தப்பினாலும் தோல்வி தோல்விதான். போகிறவர் வங்கி அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த நாட்டில் ஒரு மணித்தியாலம் ஆடினால் மெஷின் தானாக ஐந்து நிமிடம் நிற்கும். சட்டம் அப்படி. எழும்ப வேண்டிய நேரம் அதுதான்.

இதெல்லாம் என் மனுசனுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் மெஷினின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

அன்றைக்கு இறந்துபோன எங்கள் மகனின் ஆண்டுத் திருப்பலி, நாலு மணிக்கு. தகப்பன்தான் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். காலையில் “ஓம், வருவன்” என்று சொல்லிவிட்டுப் போனவரைத் தேடி அந்தக் கடைக்குப் போனேன். நடுவில் கூப்பிட்டால் காது கேட்காது. மெஷின் நிற்கும்வரை பின்னால் நின்றேன்.

நின்றது.

“இஞ்சேருங்கோ அப்பா, எழும்புங்கோ. பிள்ளையின்ரை பூசை.”

“தெரியும். இந்தச் சனியன் இப்ப நிறைஞ்சு கிடக்குது. பேந்து வாறவன் அள்ளிக்கொண்டு போயிடுவான்.”

“அதுக்கு நிறைஞ்சதும் தெரியாது, வெறுமையும் தெரியாது.”

“நீர் கடை கூட்டேக்கை மெஷின் உம்மடை காதுக்கை வந்து சொன்னதோ?”

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எழும்பினார். மேற்சட்டையை நானே போட்டு, கழுத்துவரை பூட்டிவிட்டேன். கதவடிக்கு வந்தபோது ஐந்து நிமிடம் முடிந்து, பின்னால் மெஷின் பாடத் தொடங்கியது.

“நீர் முன்னுக்குப் போம். நான் வாறன்.”

நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒருவரிடமும் கெஞ்சிப் பழகாதவள்.

கோயிலில் திரி கொளுத்தும் நேரம், பூசை வைத்த சுவாமியார் வாசலைப் பார்த்தார். நான் எழும்பிப் போனேன். முதல் தீக்குச்சி அணைந்துவிட்டது.

பூசை முடிந்து வெளியே வர, படியில் நின்றார். மேற்சட்டை நான் பூட்டினபடியே இருந்தது.

“கொளுத்தியாச்சோ?”

“ஓம்.”

உள்ளே போனார். திரி பாதி எரிந்திருந்தது.