முதல் ‘வேண்டாம்’

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு சுங்கைப் பட்டாணி நிலையத்தில் இறங்கினேன். கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. கட்டணம் அறுபத்தேழு வெள்ளி. அவ்வளவு நேரமும் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தேன் என்று எழுதினால் அது பொய். மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஈப்போவில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பெண்மணி, நான் சாமி கும்பிடுவதாக நினைத்துத் தன் கைப்பேசியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். நல்ல மனசு. ஆனால் நான் படித்துக்கொண்டிருந்தது சயாம் பாஷை.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. ஒரே மகள் சுகந்தி. அவள் அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறாள். பாடாங் செராயில் என் அண்ணன் வீட்டில் தங்கியிருக்கிறாள். போன வருடம் ஒரு நாள், “அம்மா, ஒரு விஷயம்” என்றாள். விஷயத்தின் பெயர் சோம். பெண்டாங் பக்கம் வயல் நடுவே இருக்கும் சயாம்காரக் குடும்பத்துப் பையன். அந்தக் குடும்பங்கள் கெடா மாநிலத்தில் பல தலைமுறையாக இருப்பவை. வீட்டில் சயாம் பேசி, புத்தர் கோயிலுக்குப் போய், மற்றபடி நம்மைப் போலவே வாழ்கிறவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு சுகந்தி அந்த வீட்டில்தான், சோமின் அம்மாவோடுதான் இருக்கப் போகிறாள்.

பையன் தங்கமான பையன். அதில் எனக்குக் குறையில்லை. என் பயமெல்லாம் அந்த வீட்டுச் சமையலறையைப் பற்றித்தான். மலாய் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது கடையிலும் அலுவலகத்திலும் பேசுவது. அவரவர் அடுப்படியில் அவரவர் பாஷைதான் ஓடும். என் மகள் அந்த அடுப்படியில் ஊமை போல நிற்பாளே என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. ‘என் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அந்த அம்மாளிடம் அவர் பாஷையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர்கள் வீட்டுக்குப் போகப் பத்து மாதம் இருந்தது.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே, சயாம்காரர்களின் காரப் புளி சூப்பான தோம்யாம் விற்கும் கடை ஒன்று உண்டு. சமைப்பவள் தாய்லாந்தின் ஹாட்யாய்ப் பக்கத்திலிருந்து வந்த நொய். எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். அவள் கடை ஐந்தரைக்குத் திறக்கும். வாரத்தில் நான்கு நாள் நான் அவளுக்கு இறால் உரித்து, செராய் என்கிற எலுமிச்சைப்புல் தண்டு நறுக்கிக் கொடுத்தேன்; அவள் எனக்குப் பாஷை கொடுத்தாள். ஒரே சொல்லை ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. என் குரலோ இயந்திரச் சத்தத்தோடு போட்டி போட்டு ஒரே மட்டத்தில் நின்றுபோன குரல். “அக்கா, நீங்க பேசினா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு” என்று நொய் மலாயில் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஐந்தாவது மாதம் எனக்குச் சரளமாக வந்த வாக்கியங்கள்: காரம் குறை, முட்டை வேண்டாம், இன்னொரு தட்டு சோறு, மீன் வெந்துவிட்டதா. வேறு என்ன வரும்? கற்றது அங்கேதானே! பிறகு நானே வற்புறுத்தி, சம்பந்தியிடம் சொல்ல நான்கு வரி எழுதி வாங்கி மனப்பாடம் செய்தேன். தமிழ் எழுத்தில்தான் எழுதிக்கொண்டேன். அதைத்தான் ரயிலில் முணுமுணுத்தது.

சுகந்தி காரோடு காத்திருந்தாள். அங்கிருந்து பாடாங் செராய் இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், வழியெல்லாம் எண்ணெய்ப்பனை. ராஜு அண்ணன் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறவர். என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மலாய்ல பேசினா முடிஞ்சிடும்லா. இந்த வயசுல ஏன் இவ்ளோ சூசா எடுத்துக்கிற?”

“என் மகளுக்காகக் கஷ்டப்படறேன், உங்களுக்கு என்னண்ணே?” என்றேன்.

“சரி சரி. அங்க போய்ப் பேசறேன்னு தோம்யாம் ஆர்டர் பண்ணிடாத!”

பள்ளி விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அண்ணனின் வேனில் புறப்பட்டோம். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது பெண்ணையும் கூட்டிக்கொண்டு போவது எந்த ஊர் வழக்கம் என்று அண்ணன் சுங்கைப் பட்டாணி தாண்டும் வரை புலம்பினார். சுகந்தி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தப்பித்தாள். பின் இருக்கையில் வெற்றிலை பாக்கு, பழம், லட்டு, முறுக்கு, பூ என்று ஐந்து தட்டுகள் பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஆடிக்கொண்டு வந்தன. சுங்கை லாலாங், பெடோங் பக்கமெல்லாம் தோட்டங்கள். இடப்புறம் ஜெராய் மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்தது. குரூணைத் தாண்டியதும் மரங்கள் விலகி, தரை தட்டையாகி, இரு பக்கமும் வயல். அறுப்பு முடிந்து நெல் தாள்கள் நின்றன, வரப்பில் நாரைகள். மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர் என்றார் அண்ணன். பத்தேமுக்காலுக்கு வீட்டு வாசலில் நின்றோம்.

சோமின் அம்மா பெயர் நிம். சயாமில் அம்மாவை ‘மே’ என்பார்கள். ஊரே அவரை மே நிம் என்றுதான் கூப்பிடுகிறது. ஒல்லியான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், என்னைவிட ஏழெட்டு வயது கூட. அவருக்கும் கணவர் இல்லை. கைகூப்பி வரவேற்றார். நானும் கைகூப்பினேன். அது மட்டும் இரண்டு வீட்டுக்கும் ஒன்று. அவர் பேசியதையெல்லாம் எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன். புரியாததை சோம் மலாயில் சொன்னான்.

பன்னிரண்டு மணிக்குப் பாய் விரித்துச் சாப்பாடு. பொரித்த மீன், புளி போட்ட கோழிக் குழம்பு, பச்சை இலைகள், இடித்த மிளகாய்ச் சம்பல். மூக்கைத் துளைத்தது. முதல் தடவை எல்லோருக்கும் ஒரு கரண்டிச் சோறும் ஒரு துண்டு மீனும் வைத்தார். பிறகு சோற்றுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, “இன்னும்?” என்றார்.

“மாய் ஆவ்” என்றேன். வேண்டாம் என்று பொருள். நொய்யிடம் முதல் நாள் கற்ற சொல். சிரித்துக்கொண்டே, நம் வழக்கப்படி, அவர் மறுபடியும் நீட்டுவார் என்ற நம்பிக்கையில் சொன்னேன்.

மே நிம் தலையசைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனார். அண்ணன் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, “போதும் போதும்” என்றார். கையைத் தள்ளிவிட்டுச் சோறு வைக்க வேண்டும், அதுதானே முறை! மே நிம் தள்ளவில்லை. சுகந்தியும், “வேண்டாம்” என்றாள். அவ்வளவுதான். கிண்ணம் மூடப்பட்டு உள்ளே போனது. மீன் தட்டும் பின்னாலேயே போனது. அண்ணன் அந்த மீனை வழியனுப்பிய பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சிரிப்பு வந்தது. பிறகு சுகந்தியின் தட்டைப் பார்த்தேன். ஒரு கைப்பிடிச் சோறு தின்ற தடம். அவள் கைகழுவ எழுந்துவிட்டாள். பசி தாங்காத பெண் அவள். என் சிரிப்பு நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு வேளை. நாளைக்கு இவள் இந்த வீட்டில் தினமும் முதல் தடவை ‘வேண்டாம்’ என்பாள். இவர்கள் தினமும் மரியாதையாகக் கிண்ணத்தை மூடுவார்கள். சோறு மட்டுமா? தலைவலியா என்றால் இல்லை என்பாள். அம்மா வீட்டுக்குப் போய் வருகிறாயா என்றால் பரவாயில்லை என்பாள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். சின்ன வயதில் அடுத்த வீட்டில் பலகாரம் நீட்டினால் உடனே கை நீட்டாதே என்று கண்ணாலேயே மிரட்டி வளர்த்தேன்.

முதலில் என் நான்கு வரியைச் சொல்லிப் பார்த்தேன். எழுந்து நின்று, கைகூப்பி, ஒரு பிசகும் இல்லாமல். ‘என் மகளை உங்கள் கையில் ஒப்படைக்கிறேன், உங்கள் மகளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று முடியும். சோம் வாய் பிளந்தான். மே நிம், “நிச்சயமாக, நிச்சயமாக” என்று இனிமையாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனார். கல்யாணத்தில் எல்லாச் சம்பந்தியும் சொல்வது, எல்லாச் சம்பந்தியும் தலையாட்டுவது. பத்து மாத உழைப்பு அரை நிமிடத்தில் தீர்ந்தது.

தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன். வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை; பக்கத்தில் இடம் விட்டார். ஆச்சரியம், அங்கே இருந்த எல்லாவற்றுக்கும் எனக்குப் பெயர் தெரிந்தது. உரல், கரண்டி, செராய்த் தண்டு, புளி. ஒவ்வொன்றாகச் சொல்ல, மே நிம் திரும்பிப் பார்த்து, “கடைக்காரி மாதிரி பேசுகிறாயே!” என்றார். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்தேன். மனப்பாடம் எதுவும் இல்லை. வாயில் வந்த துண்டுகள்தான்.

“சுகந்தி… வேண்டாம் சொல்லும். முதல் வேண்டாம்… உண்மை இல்லை. மே நிம் இன்னொரு தடவை கேளு.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். “வேண்டாம் என்றால் வேண்டாம்தானே?”

சோற்றுக் கரண்டியை எடுத்தேன். அவரை உட்கார வைத்து, நானே மே நிம்மாகவும் நானே சுகந்தியாகவும் நடித்துக் காட்டினேன். இன்னும்? வேண்டாம். இன்னும்? வேண்டாம்… சரி, கொஞ்சம். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முழுதும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்படியென்றால், உனக்கு இப்போது பசிக்கிறதா?”

“ரொம்ப” என்றேன். அந்தச் சொல் எனக்கு நன்றாகவே தெரியும்.

“உன் அண்ணனுக்கு?”

“அவருக்கு ரொம்ப ரொம்ப.”

மே நிம் போட்ட கூச்சலில் சோம் ஓடி வந்தான். மூடிய கிண்ணமெல்லாம் திறந்தது. அண்ணன் இந்த முறை கையைத் தட்டுக்குக் குறுக்கே வைக்கவில்லை; மூன்று துண்டு மீன் சாப்பிட்டார். “என்னாலா நடந்துச்சு உள்ள?” என்று கேட்டார். பதில் வரும் வரை காத்திருக்கவில்லை.

எல்லோரும் சாப்பிடும்போது மே நிம் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “எங்கள் வீட்டில் இரண்டாவது தடவை கேட்டால், உன் பேச்சை நான் நம்பவில்லை என்று அர்த்தம். அதனால்தான் கேட்பதில்லை. உன் மகளிடம் கேட்கிறேன். இரண்டு தடவை கேட்கிறேன். ஆனால் அவளும் வேண்டியதை வாய் திறந்து சொல்லப் பழகட்டும். எனக்கும் வயதாகிறது, எல்லாவற்றையும் ஊகிக்க முடியாது.” ‘நிச்சயமாக’ என்று இந்த முறை சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மிளகாய் இடித்த கை; எரிந்தது.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். எங்கள் தட்டுகளில் அவர் வீட்டு வாழைப்பழமும் ஒட்டரிசிப் பலகாரமும் நிரம்பியிருந்தன. ஐந்து மணி ரயிலுக்கு நான் டிக்கெட் எடுத்திருந்தேன். போகிற வழியில் அண்ணன் என்னை நிலையத்தில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வயிறு நிறைந்த சந்தோஷத்தில் அவர் வானொலியோடு சேர்ந்து பாடிக்கொண்டு ஓட்டினார். சுகந்தி என் பக்கத்தில் ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா.”

இருபத்தாறு வருடமாக இந்த ‘ஒண்ணுமில்ல’வைக் கேட்டு, சரி என்று என் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறேன். அவள் அப்பா இறந்த மாதம், கல்லூரி விடுதிக்குத் திரும்பிப் போகிறாயா, கொஞ்ச நாள் என்னோடு இருக்கிறாயா என்று கேட்டேன். “போறேன்மா, பரவாயில்ல” என்றாள். பெட்டியைக் கட்டிக் கொடுத்தேன். மே நிம்முக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த எனக்கு அது ஏன் உறைக்கவில்லை? வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு வெட்கமாக இருந்தது.

“இல்ல, சொல்லும்மா. என்ன?” என்று இன்னொரு தடவை கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு, “பயமா இருக்கும்மா” என்றாள். அவர்களெல்லாம் ஏதோ சொல்லிச் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா சிரிப்பது. காலையில் அங்கே சாமி விளக்கு ஏற்றலாமா என்று யாரிடம் கேட்பது. தனியாக இருக்கும் எனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் பெண்டாங்கிலிருந்து கிள்ளானுக்கு எத்தனை மணி நேரம் ஆகும். ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. விடுதிக்குப் போன அந்த மாதம் எப்படி இருந்தது என்றும் சொன்னாள். கேட்டுக்கொண்டே வந்தேன்.

நாலே காலுக்கு சுங்கைப் பட்டாணி வந்தது. அண்ணன் நிலையத்துப் பக்கம் திரும்ப விளக்குப் போட்டார்.

“நேரா வீட்டுக்கே போங்கண்ணே” என்றேன்.

“டிக்கெட்டு?”

“போகட்டும்ண்ணே.” சுகந்தி இன்னும் பேசி முடிக்கவில்லை.