தேருக்காகக் கழற்றிய கம்பி

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா சமயத்தில் நடந்தது இது. அக்கரப்பத்தனையில் பஸ் இறங்கி ஒரு மைல் மேலே ஏறி வந்தால், தோட்டத்து ஆட்களின் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம். அதற்கு மேல் வீடு கிடையாது, தேயிலையும் காற்றும்தான். நான் மூன்றாம் வகுப்போடு கூடை தூக்கியவள். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தேன். என் கூடையில் முற்றல் இலை கிடக்கிறது என்று ஒரு கணக்கப்பிள்ளையும் சொன்னது இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ரேடியோ பைத்தியம். பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, இங்கிருந்து பேசினால் எங்கோ கடல் தாண்டி ஒருவர் பதில் பேசுகிற ரேடியோ. அதற்கென்று பரீட்சை எழுதி அரசாங்க லைசன்ஸ் எடுத்தவர். மழைக்காலத்தில் மண் சரிந்து, போன் எல்லாம் செத்துப் போனாலும் அவருடைய ரேடியோ பேசும். ஆனால் அவர் கடை பள்ளத்தில் இருந்தது, நாலு பக்கமும் மலை மறித்தது. அதனால் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்கி, எங்கள் லயத்துக்கு மேலே ஒரு டவர் போட்டார்.

ஒல்லியான இரும்பு டவர். நாற்பது அடி உயரம். அடியைச் சிமெந்தில் புதைத்திருந்தாலும், மூன்று பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன என்பார் நானா. அதில் ஒரு கம்பியைக் கட்டத் தரையில் அடித்த இரும்பு முளை என் மரக்கறிப் பாத்தி ஓரத்தில் வந்தது. "தொரை சரி செல்லிட்டார் ஆச்சி. ஆனா பாத்தி உங்கட. நீங்க செல்லுங்க" என்று என்னிடம் வந்து கேட்டார். கேட்டதற்காகவே சரி என்றேன்.

கம்பியும் முளையும் சேருகிற இடத்தில் ஒரு திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் கம்பி இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். தானாகத் திரும்பி விடாமல் இருக்க, மெல்லிய கம்பி ஒன்றால் அதைக் கட்டி வைத்திருந்தார்.

திருவிழாவில் தேர் எல்லா லயத்தையும் சுற்றி, கடைசியாக எங்கள் வாசலில் நின்று திரும்புவது வழக்கம். டவர் வந்த பிறகு அதுதான் முதல் திருவிழா. பாதைக்கு மேலே கம்பி சாய்வாகப் போனது. ஆள் போகலாம், தேர் போக முடியாது. "தேர் வார நேரம் நானே வந்து கழட்டித் தாரன். யாரும் கை வெக்க வாணாம்" என்று நானா சொல்லியிருந்தார். அன்று பார்த்து டவுன் ரோட்டில் மரம் விழுந்து, அவரால் வர முடியவில்லை.

தேர் கம்பிக்கு முன்னால் நின்றுவிட்டது. மேளம் நின்றது. கோயில் தலைவர் யோசித்தார்.

"இங்கனயே திருப்பிருவோம். ஒரு வருசந்தானே."

"ஒங்க வாசலுக்கு வந்துட்டுத்தானே வருது? ஒங்களுக்கு அது ஒரு வருசமாத்தான் இருக்கும்" என்றேன்.

"அப்ப கலசத்த மட்டும் கழட்டிட்டுப் போவோமா அம்மாயி?" என்றார் தலைவர். லயத்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"காலையில பேர் போடுற பெரட்டுல தொரைக்கு முன்னால நிக்கிற ஆளா சாமி, தலையில இருக்கிறத கழட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருவரும் அசையவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் குறடு எடுத்து வந்து, திருகைத் திருப்பி, கம்பியைக் கழற்றி விட்டேன். காற்று இல்லாத நாள். டவர் அசையாமல் நின்றது. இந்தக் கம்பி சும்மா பேருக்குத்தான் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

தேர் வந்தது, தேங்காய் உடைத்தோம், திரும்பிப் போனது. கூட்டமும் தேரோடு போய்விட்டது. நான் மட்டும் நின்று கம்பியை மாட்டினேன். இழுத்துப் பிடித்து நாலைந்து சுற்றுத் திருப்புவதற்குள் கை வலித்தது. போதும் என்று விட்டேன். ஆனால் மேலே கட்டுகிற மெல்லிய கம்பியை மட்டும் வரிசை வரிசையாக, நானா கட்டியதைவிட நேர்த்தியாகச் சுற்றினேன். தள்ளி நின்று பார்த்தேன். ஒருவர் கை பட்டது என்று சொல்லவே முடியாது.

இரண்டு நாள் கழித்து நானா வந்தார். கூடவே ஹட்டனிலிருந்து அவரைப் போலவே ரேடியோக்காரர் ஒருவர். மழைக்கு முன்னால் டவர் உச்சியில் ஏதோ சரிசெய்ய வேண்டுமாம்.

"மன்னிச்சிக்கங்க ஆச்சி, அண்டைக்கு வர முடியாமப் போச்சு. தேர் மத்தப் பக்கத்தாலயா போன?"

"சாமி நல்லபடியா வந்துட்டுப் போயிருச்சு நானா" என்றேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவர் மூன்று முளைகளையும் சுற்றிப் பார்த்தார். என் பாத்தியில் கட்டு ஒழுங்காக இருப்பதைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு, இடுப்பில் பெல்ட்டை மாட்டி ஏறத் தொடங்கினார். லயத்துப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். தலைவரும் வந்தார். நான் பாத்தியில் போஞ்சிக் காய் பறித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பாதி ஏறியபோது காற்று எழும்பியது. முளைப் பக்கம் டக், டக் என்று சத்தம். பார்த்தேன். கம்பி தொய்வதும் வெட்டி இழுப்பதுமாக இருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் திருகு கொஞ்சம் திரும்பியது. நான் சுற்றிய கட்டு அழகாக அப்படியே இருந்தது, ஆனால் எதையும் பிடிக்கவில்லை.

நான் உடனே கத்தவில்லை. எதிரே அத்தனை பேர் நின்றார்கள். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள், நான் கட்டியது பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டி வரும். அவர் இன்னும் மூன்று படி ஏறினார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"நானா, எறங்குங்க! இந்தக் கம்பிய நாந்தான் கழட்டி மாட்டினேன்! பிடிக்காது, எறங்குங்க!"

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. கீழே நின்ற ஹட்டன்காரர் கேட்டுவிட்டுக் கையை வீசிக் கத்தினார். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்துவிட்டேன். என் பலத்துக்கு டவர் நிற்காது என்று தெரியும். ஆனாலும் விடவில்லை. நானா ஒவ்வொரு படியாக இறங்கினார். அவர் கால் மண்ணில் பட்ட பிறகுதான் என் விரல் விரிந்தது.

ஹட்டன்காரர் என் கட்டை அவிழ்த்தார். அந்த மெல்லிய கம்பியைத் திருகின் நடுவில் உள்ள ஓட்டை வழியாகக் கோர்த்திருக்க வேண்டுமாம். நான் வெளியே சுற்றியிருக்கிறேன். பிறகு திருகைத் திருப்பினார். இரண்டே சுற்று. கழன்று கையோடு வந்தது.

நானா தண்ணீர் வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பித் தந்து, "கழட்டினது பெரிய பிழையில்ல ஆச்சி, சாமி வரத்தானே வேணும். கழட்டினத்த செல்லாம வுட்டதுதான் பிழை" என்றார்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிறவள் சும்மா இருப்பாளா? "எங்க கூடையெல்லாம் கிளறிப் பாத்துக் கொற சொல்ற அம்மாயி, இன்னைக்கு ஒங்க கூடையும் பாத்தாச்சு" என்றாள். நான் குனிந்து பாத்தியில் சிந்திய போஞ்சியைப் பொறுக்கினேன்.

இப்போது எங்களுக்குள் ஒரு வழக்கம். கம்பியில் யார் கை வைத்தாலும் முளையில் ஒரு சிவப்புத் துணி கட்ட வேண்டும். நானா வந்து பார்த்துத்தான் அவிழ்ப்பார். மாடு உரசிப் போனாலும் நான் கட்டி வைத்துவிடுவேன். அம்மாயி கத்தியதால்தான் அவர் பிழைத்தார் என்று இன்றைக்கும் லயத்தில் சொல்கிறார்கள். நானாவும் அப்படித்தான் நினைக்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றபோது அவர் ஏறிய அந்த மூன்று படியைப் பற்றி யாருக்கும் தெரியாது. அந்த மூன்று படியில் மட்டும் இத்தனை நாளாகச் சிவப்புத் துணி கட்டாமல் விட்டிருந்தேன், இதை எழுதி இன்றைக்குத்தான் கட்டியிருக்கிறேன்.