உலைக்காரர் மஸ்ஊதின் மீசான் கல்

என் பெரியப்பா மகன் தைபியைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அண்ணன் என்று கூப்பிட நாக்கு கூசும். மராக்கேஷில் புது வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் குளியல் தொட்டியும் குழாயும் விற்றுப் பணக்காரன் ஆனவன் அவன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தாத்தா ஊருக்கு வெந்நீர் போட்டார், பேரன் ஊருக்குத் தொட்டி விற்கிறான், சரியாகத்தானே இருக்கிறது என்று நானே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு அவனுக்கு ஆகாது.

எங்கள் தாத்தா மஸ்ஊத், பாப் துக்காலாப் பக்கம் ஹம்மாம் என்கிற பொதுக் குளியல் வீடு ஒன்றில் உலைக்காரராக இருந்தவர். குளிக்க வருகிறவர்கள் முன்வாசலில் நுழைந்து, வெந்நீரை ஊற்றிக்கொண்டு, ரோஜா நிறத்தில் வெளியே போவார்கள். பின்சந்தில் தரைக்குக் கீழே ஒரு குழி உண்டு. அந்தக் குழியில் உட்கார்ந்து மரத்தூளையும் ஆலிவ் கொட்டையையும் பிய்ந்த செருப்பையும் உலைக்குள் தள்ளிக்கொண்டே இருந்தவர் அவர்.

தைபி தன் மகனுக்கு ஃபெஸ் நகரத்தில் பெண் பார்த்தான். ஷரீஃப் வீடு, அதாவது நபி வம்சம். அவர்களுக்குத் தைபியின் கடை பிடித்திருந்தது. தைபியின் தாத்தா பிடிக்கவில்லை. சரி, தாத்தாவை மாற்றிவிடலாம் என்று இவன் கிளம்பிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் அது நடக்காத காரியம் இல்லை. பன்னிரண்டு ஆண்கள், சாட்சிப் பத்திரம் எழுதுகிறவர்கள் முன்னால் உட்கார்ந்து, "இவங்க நபி வம்சம்னு காலங்காலமா கேள்விப்பட்டிருக்கோம்" என்று சொல்லிவிட்டால் போதும். கேள்விப்பட்டதற்கு ஆதாரம் யார் கேட்பார்கள்? பன்னிரண்டு தாடி கிடைப்பதா கஷ்டம்? விருந்து என்றால் இருபது வரும்.

தைபிக்கு இருந்த ஒரே முள் என் அத்தை தாமு. மஸ்ஊதின் பிள்ளைகள் ஐந்து பேரில் உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். எண்பது தாண்டிவிட்டது, கண் பாதி மங்கிவிட்டது, வாய்க்கு மட்டும் வயதே ஆகவில்லை. அவள் என்னோடுதான் இருக்கிறாள். நான் ரொட்டி சுட்டு விற்கிறேன், அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து என்னைத் திட்டுகிறாள், பிழைப்பு ஓடுகிறது.

ஒருநாள் தைபி பெரிய சர்க்கரைக் கூம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அத்தையின் கையை முத்தமிட்டான்.

"அத்தே, தாத்தா சும்மாவா அந்தக் குழியில உக்காந்திருப்பாரு? அவரு பெரிய ஆலிம். பெருமை வேணாம்னு மறைஞ்சு வாழ்ந்திருக்காரு."

"டேய், அவருக்குத் தன் பேரையே எழுதத் தெரியாதுடா. தொழுகையில ஓத ரெண்டு சூரா தெரியும். அதுலயும் நடுவுல இருமுவாரு."

"இல்ல அத்தே, பெரியவங்க சில பேரு சொல்றாங்க..."

"எந்தப் பெரியவன்? நான்தாண்டா இங்க பெரியவ." அத்தை சர்க்கரைக் கூம்பைத் தடவிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். "இங்க பாரு, உன் காகிதத்துல நீ யாருக்கு வேணா பேரனா இருந்துக்க. நான் வந்து கத்த மாட்டேன். ஆனா என் அப்பன் கபுறுல ஒரு மீசான் கல்லு நட்டுக் குடு. அதுல அவரு பேரு இருக்கணும். அவரு செஞ்ச வேலை இருக்கணும். அவ்வளவுதான்."

"என் தலை மேல, என் கண்ணு மேல" என்றான் தைபி.

அத்தை ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பாப் அக்மாத் மையவாடியில் இடம் இல்லை. கல் இல்லாத கபுறைக் கொஞ்ச காலம் விட்டுப் பார்ப்பார்கள், பிறகு மேலேயே தோண்டி, இறந்த வேறொருவரின் மையத்தை அடக்கிவிடுவார்கள். மஸ்ஊதின் தலைமாட்டில் ஹம்மாமின் உடைந்த தளக்கல் ஒன்றுதான் அடையாளம். போன குளிர்காலத்தில் பக்கத்துக் கபுறைத் தோண்டியபோது அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அடுத்தது தன் அப்பன்தான் என்ற பயம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டது.

தைபி போனதும் கேட்டேன்: "அவன் பேச்சை நம்புறியா அத்தே?"

"வேற யாரு எனக்குக் கல்லு வாங்கித் தரப்போறா? நீயாடி? உன் ரொட்டியை வேணா நடலாம், கல்லு மாதிரித்தான் இருக்கு."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இந்தப் பயல் ஒரு மனுஷனையே துடைத்துப் போடப் பார்க்கிறான், அந்த மனுஷனைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று பார்த்தால், பெயரும் குழியும் தவிர ஒன்றும் தெரியாது. ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கத்துத் தெருக்களில் அலைந்தேன். கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களிடமெல்லாம் மஸ்ஊதைத் தெரியுமா என்று கேட்டேன். கிடைத்தது எதுவும் பெரிய கதை இல்லை, சொல்கிறேன்.

அப்பன் பெயர் ஃபராஜி. த்ரா ஆற்றுப் பக்கத்துப் பேரீச்சந்தோப்பிலிருந்து பஞ்ச காலத்தில் அண்ணனோடு நடந்து வந்தவர். அண்ணன் மலை தாண்டவில்லை. இங்கே வந்து முதலில் எண்ணெய் ஆட்டுகிற இடத்திலிருந்து ஆலிவ் கொட்டையைக் கழுதை மேல் ஏற்றி உலைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டார். கழுதையை அடிப்பார் என்று ஒருவர் சொன்னார். கழுதைதான் அவரை உதைக்கும் என்று இன்னொருவர் சொன்னார். பழைய உலைக்காரர் மூச்சு முட்டிச் செத்தபோது குழி இவருக்கு வந்தது. இடது முழங்கையில் தீக்காயம். கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. தோல் கறுப்பு, அதன்மேல் கரி. தெருப் பிள்ளைகள் இவரைப் பார்த்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

ஊரே குளிக்க வெந்நீர் போட்டவர், அந்த ஹம்மாமில் பகலில் குளிக்க முடியாது. தரை கறுத்துவிடும் என்று முதலாளி விடமாட்டார். எல்லாரும் போன பிறகு, கழுவிவிடுகிற தண்ணீரில் கடைசி ஆளாகக் குளித்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்ன கிழவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வாயில் ஒரு ரொட்டியைத் திணித்துவிட்டு வரலாம் போல இருந்தது.

எல்லாரும் சொன்ன ஒரே விஷயம், மஸ்ஊத் இறைச்சி திருடுவார் என்பது. மராக்கேஷ் ஆண்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் தஞ்சியா. இறைச்சியும் ஊறிய எலுமிச்சையும் பூண்டும் சீரகமும் மண்ஜாடியில் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டி உலைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் சூடான சாம்பலில் புதைத்து, நாள் முழுக்கப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். "எங்க ஜாடியில எப்பவும் ஒரு துண்டு குறையும்" என்று எல்லாக் கிழவர்களும் இன்னும் மறக்காமல் சொன்னார்கள்.

அத்தையிடம் வந்து இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒரு துண்டா? பெரிய ஜாடின்னா ரெண்டு துண்டு. நாங்க அஞ்சு பேருடி. பின்ன எதைத் தின்னு வளந்தோம்? தைபியோட அப்பனுக்குத்தான் கொழுப்புத் துண்டு, அவன்தான் மூத்தவன்."

அவர் மௌத்தானபோது மையத்தைக் குளிப்பாட்டியவர்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்களாம். எலுமிச்சை வாங்கிவரச் சொன்னார்களாம். நகக்கண்ணில் இருந்த கரி மட்டும் போகவில்லை. அப்படியே கஃபன் துணியைச் சுற்றிவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அத்தை தன் நகத்தைத் தடவிக்கொண்டாள்.

இதுதான் மஸ்ஊத். இவரைத்தான் தைபி ஆலிம் ஆக்கினான்.

சாட்சி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு. தைபி என்னை ரொட்டி சுடக் கூப்பிட்டான், அத்தையைத் தன் கண் பார்வையில் வைத்துக்கொள்ளக் கூப்பிட்டான். எங்களை அடுக்களையில் உட்காரவைத்துவிட்டார்கள். கதவிடுக்கில் கூடம் முழுக்கத் தெரிந்தது.

பழைய மராக்கேஷ் குடும்பம் என்று காட்ட வேண்டாமா? விருந்துக்குத் தஞ்சியா ஏற்பாடு செய்திருந்தான். அதுவும் எந்த உலையில் தெரியுமா? எங்கள் தாத்தா உட்கார்ந்திருந்த அதே உலையில். இந்த ஊரில் வேறு உலையா இல்லை? ஆனால் சின்ன வயதிலிருந்து அந்த உலை ருசிதான் அவன் நாக்கில் இருக்கிறது. புத்தி மறந்துவிட்டது, நாக்கு மறக்கவில்லை.

ஜாடிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தவன் இப்போதைய உலைக்காரன் மிலூத். உடம்பெல்லாம் கரி. ஜாடிகளைக் கூடத்தில் இறக்கியவன், அடுக்களைப் பக்கம் திரும்பி அத்தையைக் கண்டுவிட்டான்.

"அட, மஸ்ஊத் மக தாமுதானே! உங்கப்பா குழியிலதான் இன்னும் குந்திக்கிட்டு இருக்கேன்!" என்று வீடு அதிரக் கத்தினான்.

கூடத்தில் யாருக்கும் காது கேட்கவில்லை. எல்லாரும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் அப்பன்மார் மஸ்ஊதின் சாம்பலில் வெந்ததைத் தின்றவர்கள்தான். அவர்கள் முகம் எனக்குத் தெரியும், அவர்கள் தெருவில்தான் ரொட்டி விற்கிறேன்.

சாட்சிகளில் ஒருவர் வரவில்லை. வயிற்றுப்போக்கு என்று சொல்லியனுப்பியிருந்தார். பொய் சொல்வதற்கு முன்பே வயிறு கலங்கிய ஒரே யோக்கியன் அவர்தான். பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. பத்திரம் எழுதுகிறவர்கள் கிளம்பப் பார்த்தார்கள். தைபி சுற்றுமுற்றும் பார்த்தான், மிலூத்தின் சட்டைக் கையைப் பிடித்தான்.

"மிலூத், எங்க குடும்பத்தைப் பத்தி நீயும் கேள்விப்பட்டிருப்பே இல்ல?"

மிலூத் ஒருமுறை அடுக்களைப் பக்கம் பார்த்தான். இவன் அதே குழியில் உட்காருகிறவன், இவனாவது காறித் துப்புவான் என்று நம்பினேன்.

"கேள்விப்படாம என்ன? நபி வம்சம்னா நபி வம்சம்தான். அப்படியே எங்கப்பனையும் சேத்து எழுதிடுங்களேன், ஒரே காகிதந்தானே!"

கூடமே சிரித்தது. மிலூத் கையைக் கழுவிக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தான். அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். பிறகு ஜாடிகளைக் கவிழ்த்தார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே தட்டில் கைவிட்டு, விரலில் கொழுப்பு வழிய, நபி வம்சத்துப் பட்டத்தையும் ஒட்டி, "மௌலாய் மஸ்ஊத், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக" என்று சொல்லிக்கொண்டே எலும்பை உறிஞ்சினார்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து தஞ்சியா வாசம் வந்தாலே எழுந்து போய்விடுகிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தத்தான் எழுந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"கல்லு" என்றாள்.

உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கென்று ஒதுக்கிய சின்ன ஜாடியில் அத்தை கரண்டியை விட்டுக் கிளறினாள். "ஒரு துண்டு எடுத்திருக்கான் மிலூத்" என்று சொல்லித் திருப்தியாகச் சிரித்தாள்.

கல்யாணம் நடந்தது. தைபி வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினான். கபுறுகளுக்குப் போகிற ஆஷூரா நாளுக்குச் சில நாள் முன்பு, "கல்லு நட்டாச்சு அத்தே" என்று சொல்லியனுப்பினான். அவன் வார்த்தையைக் காப்பாற்றினானே என்று நான்கூட அவனைக் கொஞ்சம் மெச்சினேன்.

ஆஷூரா அன்று ஊரே மையவாடியில் இருந்தது. கபுறுகளில் தெளிக்கத் தண்ணீர் விற்பவர்கள், அத்திப்பழம் விற்பவர்கள், காசுக்கு ஓதுகிறவர்கள். அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். தூரத்திலிருந்தே அது தெரிந்தது. அந்த ஏழைக் கபுறுகளுக்கு நடுவே வெள்ளைப் பளிங்கு பளபளவென்று நின்றது. அத்தைக்கும் அந்த வெள்ளை தெரிந்துவிட்டது. என் கையை உதறிவிட்டு நடந்தாள்.

நான் கிட்டே போய்ப் படித்தேன். "ஷரீஃப் மௌலாய் மஸ்ஊத். நபியின் திருக்குடும்பத்து வாரிசு. மார்க்க அறிஞர். பேரர் ஹாஜி தைபி நட்டது." தைபியின் பெயர்தான் இருப்பதிலேயே பெரிய எழுத்து. பழைய தளக்கல்லைப் பிடுங்கி எங்கேயோ எறிந்திருந்தார்கள்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. முட்டி போட்டு உட்கார்ந்து, செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"உலைக்காரன்னு எழுத இத்தனை வரியாடி? என்ன போட்டிருக்கு, படி."

உண்மையைச் சொன்னால் அவள் அந்தக் கல்லை அங்கேயே பிடுங்கச் சொல்வாள். பிடுங்கினால் கபுறுக்கு அடையாளம் போய்விடும், அடுத்த குளிர்காலத்தில் மண்வெட்டி வரும். அவள் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

"மஸ்ஊத், ஃபராஜியோட மகன்" என்று படித்தேன். "த்ராவிலேருந்து வந்தவர். பாப் துக்காலா ஹம்மாம் உலைக்காரர். ஊருக்கு வெந்நீர் போட்டவர்." அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "மகள் தாமுன்னும் போட்டிருக்கு."

"என் பேரா?" அத்தை திரும்பிப் பார்த்தாள். "நான் கேக்கவே இல்லையே!"

கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பிறகு முக்காட்டுத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாத்தியா? நீதான் அவனை எப்பப் பாத்தாலும் கரிச்சுக் கொட்டுவே. அவன் நல்ல பயடி. என் பேரையும் போட்டிருக்கான் பாரு."

அத்தை இரண்டு கையையும் ஏந்தினாள். "யா அல்லாஹ், என் அண்ணன் மகன் தைபிக்குப் பரக்கத்தைக் குடு. அவன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுசைக் குடு. என் அப்பன் பேரைக் காப்பாத்தினவனை நீ காப்பாத்து."

நான் கையை ஏந்தவில்லை.

"ஆமீன் சொல்லுடி."

"ஆமீன்" என்றேன்.

"என்னடி முனகுற? அல்லாஹ்வுக்குக் கேக்கட்டும், சத்தமாச் சொல்லு."

சத்தமாகவே சொன்னேன்.