வண்டியைத் தொடக்கூடாத டிரைவர்

வாடகை மோட்டார் ஓட்டும் லைசென்சைப் புதுப்பிக்க, கண் சரியாக இருப்பதாக டாக்டர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். நாகர்கோவிலில் டாக்டர் காட்டிய எழுத்துகளில் மேல்வரி மட்டுமே எனக்குத் தெரிந்தது.

“தினம் புத்தகம் வாசிக்கிற கண்ணாக்கும் ஐயா” என்றேன்.

“புத்தகம் ரோட்டிலயா கெடக்கு ஓய்? கண்ணாடி போட்டுட்டு வாரும். அதுவரை வண்டியைத் தொடப்பிடாது.”

என் பிழைப்பே அந்த வண்டிதான். எரிச்சலோடு வீடு திரும்பினேன்.

மத்தியானம் அவரே வாசலில் வந்து நின்றார். இரணியலில் ஒரு பிரசவம் சிக்கலாம். வேறு வண்டி கிடைக்கவில்லை.

“தொடப்பிடாதுன்னு சொன்னியளே?”

“நான் பக்கத்துல இருக்கேம்லா. எடும்.”

வழியெல்லாம் அவர் வாய் ஓயவில்லை. “வலப்பக்கம் எருமை. முன்னால காளை வண்டி. மெதுவா ஓய்.”

“தெரியுது ஐயா” என்று ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தேன். எருமை, பக்கத்தில் வந்த பிறகே எருமையாயிற்று.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பும்போது டாக்டர் களைத்துத் தூங்கிவிட்டார். குரல் நின்றதும் எனக்குச் சாலையும் நின்றுபோயிற்று. வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன்.

கண்விழித்தவர், “ஏன் ஓய் நிக்குதீரு?” என்றார்.

“பாக்கதுக்கு ஆளில்லை ஐயா.”

பிறகு கண்ணாடி வாங்கினேன். போட்டதும் முதலில் தெளிவாகத் தெரிந்தது, இத்தனை வருஷம் என்னை நம்பிப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்களின் தைரியம்தான்.